தமிழ் வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்து ஆங்கிலம் பழகுவது எப்படி?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், பாபநாசம் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து மாலையில் என்னிடம் படிக்க வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி தன் நோட்டில் இப்படி எழுதியிருந்தாள்: "எஸ்டர்டே மை ஃபாதர் ஃபீல்டு வாட்டர் கேம்." அதன்மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது, வேறு எந்த விளக்கமும் இல்லை. "சார், நேத்து எங்கப்பா வயலுக்குத் தண்ணி வந்துட்டு, அதைத்தானே எழுதியிருக்கேன்?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நேற்று, எங்கள், அப்பா, வயல், தண்ணீர், வந்தது என்று ஒவ்வொரு சொல்லும் சரியான ஆங்கிலச் சொல்லாகவே மாறியிருந்தது, வரிசையும் அப்பழுக்கில்லாத தமிழ் வரிசை. காணாமற்போனவை இரண்டே இரண்டு: வயலுக்கு என்பதில் உள்ள 'கு', அப்பாவினுடைய என்பதில் பேச்சில் நாம் விழுங்கிவிடும் 'உடைய'. அவற்றை மீட்டு, தண்ணீரை முன்னே கொண்டுவந்தால் "எஸ்டர்டே வாட்டர் கேம் டு மை ஃபாதர்ஸ் ஃபீல்டு" என்று வாக்கியம் தானே நிமிர்ந்துவிடுகிறது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் தாமாகவே பழக விரும்பும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை நம் தமிழ் வாக்கியத்தின் உள்ளேயிருந்து கிளம்புபவை என்பதால், பயிற்சியையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கில எடுத்துக்காட்டுகளை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அவற்றை உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதி, அகராதியில் சரிபாருங்கள். எழுத்துக்கூட்டல் பயிற்சி அதிலேயே முடிந்துவிடும்.

பொதுவான பயிற்சிப் புத்தகங்கள் ஏன் நமக்கு அரைகுறையாகவே உதவுகின்றன என்பதை ஓர் ஒப்பீடு விளக்கும். சீன மொழி பேசும் மாணவர்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட ஆங்கிலப் பயிற்சிகள் உண்டு. சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை. 'நேற்று' என்ற சொல்லைச் சேர்த்தாலே இறந்தகாலம் புரிந்துவிடும், செயல் முடிந்ததைக் காட்ட 'ல' என்ற இடைச்சொல் ஒன்று வரும். அவன், அவள், அது மூன்றுக்கும் பேச்சில் 'தா' என்ற ஒரே ஒலிதான். ஆகவே 'கோ' எப்போது 'வென்ட்' ஆகும், 'ஹி' எங்கே, 'ஷி' எங்கே என்பதிலேயே அம்மாணவர்களின் உழைப்பில் பெரும்பகுதி போகிறது. போகிறான், போகிறாள், போனது என்று பிறந்தது முதல் வினையை மாற்றிப் பேசும் நமக்கு அந்தப் பயிற்சி இவ்வளவு தேவையில்லை. மாறாக, எழுவாய்க்கு அடுத்து வினை, அதன்பின் செயப்படுபொருள் என்ற ஆங்கில வரிசை சீனத்திலும் உண்டு. நமக்குத்தான் வினை கடைசியில் வந்து நிற்கிறது. 'எ', 'தி' என்ற சுட்டுச்சொற்கள் இரு தரப்பாருக்கும் தொல்லை. ஆக, எவருடைய நோயோ அவருக்கேற்ற மருந்துதான் பலிக்கும்.

வேற்றுமை உருபிலிருந்து தொடங்குங்கள்

பள்ளியில் ஐ, ஆல், கு, இன், அது, கண் என்று படித்த வேற்றுமை உருபுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்வது ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் தனிச்சொல்லாக நிற்கிறது. கடினம் அதில் இல்லை. நம்முடைய ஓர் உருபு அங்கே பல சொற்களாகப் பிரிவதில்தான் இருக்கிறது. நான்காம் வேற்றுமையான 'கு' ஒன்றை மட்டும் பாருங்கள். 'கும்பகோணத்துக்குப் போனேன்' என்பதில் அது 'டு'. 'அம்மாவுக்கு மருந்து வாங்கினேன்' என்பதில் 'ஃபார்'. 'ஆறு மணிக்கு வந்தேன்' என்பதில் 'அட்'. 'வீட்டுக்குப் போனேன்' என்பதில் ஒன்றுமே இல்லை. 'ஐ வென்ட் ஹோம்' என்றால் போதும், அதில் 'டு' போட்டால்தான் பிழை. 'எனக்குப் பசிக்கிறது' என்பதிலோ உருபும் மறைந்து, 'எனக்கு' என்பது 'ஐ' என்ற எழுவாயாகவே மாறி 'ஐ ஆம் ஹங்ரி' என்று ஆகிவிடுகிறது. 'எனக்கு இரண்டு தம்பிகள்' என்பதும் அப்படியே 'ஐ ஹேவ் டு யங்கர் பிரதர்ஸ்' ஆகும்.

இதற்கான பயிற்சி எளியது. ஒரு வாரம் முழுவதும் 'கு' மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் வீட்டில் காதில் விழும் பேச்சிலிருந்து 'கு' வரும் பத்து வாக்கியங்களைப் பொறுக்கி நோட்டின் இடப்பக்கத்தில் தமிழில் எழுதி, வலப்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். அடுத்த வாரம் 'இல்'. பேருந்தில் வந்தேன், வயலில் நின்றேன், மேசையில் வைத்தேன், கல்லணையில் பார்த்தேன் என்ற நான்கும் முறையே 'பை', 'இன்', 'ஆன்', 'அட்' என்று பிரியும். அதற்கடுத்த வாரங்களில் 'ஆல்', 'ஓடு', 'இலிருந்து' ஆகியவற்றை எடுத்துக்கொள்ளலாம். அவை அவ்வளவு சிக்கல் இல்லாதவை என்பதால் ஆளுக்கு மூன்று நாள் போதும். 'டு', 'ஃபார்', 'அட்' போன்ற முன்னிடைச்சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்வதைக் காட்டிலும் இது மெதுவாகத்தான் நகரும். ஆனால் பட்டியலை மனப்பாடம் செய்த நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு வரை 'வென்ட் டு ஹோம்' என்றே எழுதிக்கொண்டிருந்தேன்.

'எ', 'தி' விஷயத்தில் தமிழுக்குள் ஒரு துப்பு ஒளிந்திருக்கிறது. அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்ற வருத்தம் இன்னும் உண்டு. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சற்று நின்று கேளுங்கள். முதலாவதில் ஏதோ ஒரு புத்தகம். இரண்டாவதில் நம் இருவருக்கும் தெரிந்த அந்தக் குறிப்பிட்ட புத்தகம். முதலாவது 'ஐ பாட் எ புக்', இரண்டாவது 'ஐ பாட் தி புக்'. அஃறிணைச் செயப்படுபொருளில் 'ஐ' உருபு வந்தால் பெரும்பாலும் 'தி', வராவிட்டால் 'எ' அல்லது வெறும் பன்மை என்று தொடங்கலாம். உயர்திணைக்கு எப்போதும் 'ஐ' போடுவோம் என்பதால் அங்கே இந்தத் துப்பு உதவாது; எழுவாயிலும் உதவாது. அங்கெல்லாம், 'எந்த?' என்று கேட்டால் கேட்பவருக்கு விடை முன்பே தெரியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். தெரியுமென்றால் 'தி'. 'எ', 'அன்' வேறுபாடோ நமக்குப் பழைய உறவுதான்: ஒரு வீடு, ஓர் ஊர். உயிரொலிக்கு முன் ஓர் வருவதைப்போல் உயிரொலிக்கு முன் 'அன்' வரும். எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்பதால்தான் 'அன் அவர்' என்றும் 'எ யுனிவர்சிட்டி' என்றும் சொல்கிறோம்.

எண்ணிக்கையில் வேறொரு பழக்கம் நம்மைக் கவிழ்க்கிறது. 'பத்துத் தேங்காய்', 'நாலு மாடு' என்று அஃறிணையில் 'கள்' போடாமலேயே பேசுகிறோம். ஆங்கிலத்தில் எண் வந்துவிட்டால் 'எஸ்' விடக்கூடாது. அதே நேரத்தில் 'ரைஸ்', 'வாட்டர்', 'அட்வைஸ்', 'இன்ஃபர்மேஷன்', 'ஃபர்னிச்சர்' ஆகியவை எண்ணப்படாத பெயர்கள். அவற்றுக்கு 'எஸ்' கிடையாது. மாணவர்களுக்கென்று தொகுக்கப்பட்ட ஆங்கில அகராதிகளில் எண்ணப்படுபவை, எண்ணப்படாதவை என்று ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் அருகிலும் குறி போட்டிருப்பார்கள். பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல் அந்தக் குறியையும் பாருங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை நாம் ஓரளவு கொடுத்துவைத்தவர்கள். வந்தேன், வந்திருக்கிறேன், வந்திருந்தேன் என்ற மூன்றும் 'கேம்', 'ஹேவ் கம்', 'ஹேட் கம்' என்ற மூன்றோடு பெரும்பாலும் பொருந்திப் போகும். வழுக்கும் இடங்கள் இரண்டு. 'மாமா நேற்று வந்திருக்கிறார்' என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' என்ற சொல் வந்துவிட்டால் 'ஹேஸ் கம்' நிற்காது, 'கேம்' என்றே எழுத வேண்டும். 'மூன்று வருஷமாகத் தஞ்சாவூரில் இருக்கிறேன்' என்பதை நிகழ்காலத்தில் சொல்லுகிறோம்; ஆங்கிலத்தில் அது 'ஐ ஹேவ் பீன் லிவிங் இன் தஞ்சாவூர் ஃபார் த்ரீ இயர்ஸ்' ஆகும்.

ஆங்கில வினையில் 'எஸ்' சேர்வது பற்றி ஒரே வரி: தமிழில் எல்லா இடத்துக்கும் மாறும் வினை ஆங்கில நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் என்ற ஒரே இடத்தில்தான் மாறுகிறது, அதையும் விடுவது சோம்பல்.

தெரிந்த செய்தியை ஆங்கிலத்தில் படியுங்கள்

தெரியாத மொழியில் தெரியாத விஷயத்தைப் படிப்பது இரட்டைச் சுமை. லண்டன் வானிலையைப் பற்றியோ பனிச்சறுக்கு விளையாட்டைப் பற்றியோ உள்ள பயிற்சிப் பத்தியில் நம் பிள்ளைகள் தடுமாறுவதற்கு மொழி மட்டுமே காரணமில்லை. ஆகவே உங்களுக்குத் தமிழில் ஏற்கெனவே தலைகீழாகத் தெரிந்ததை ஆங்கிலத்தில் படியுங்கள். டெல்டாவில் அப்படிப்பட்ட செய்தி என்றால் மேட்டூர் அணை நீர்மட்டம்தான். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பதும், ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம் என்பதும் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆங்கில நாளிதழ்களில் வரும் நீர்மட்டச் செய்தி ஏறத்தாழ ஒரே வார்ப்பில் இருக்கும்: 'தி வாட்டர் லெவல் ஸ்டுட் அட்' என்று தொடங்கி, எத்தனை அடி, 'அகைன்ஸ்ட் இட்ஸ் ஃபுல் லெவல் ஆஃப் 120 ஃபீட்' என்று முடியும், பிறகு 'இன்ஃப்ளோ', 'டிஸ்சார்ஜ்', 'க்யூசெக்ஸ்'. நீர்வரத்து, வெளியேற்றம், விநாடிக்கு இத்தனை கன அடி என்று தமிழ்ச் செய்தியில் கேட்டவை இவைதான் என்பதால் அகராதியைத் தொடாமலேயே நான்கைந்து சொற்கள் கைக்கு வந்துவிடுகின்றன. தண்ணீர் 'நிற்கிறது' என்று நாம் சொல்வதைப்போலவே அவர்களும் 'ஸ்டுட்' என்று எழுதுகிறார்கள் என்பதைக் கண்டபோது என் மாணவி நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் தமிழ் நாளிதழில் அச்செய்தியைப் படியுங்கள். பிறகு அதே செய்தியை ஆங்கில நாளிதழில், வாய்விட்டு, தெரியாத சொல்லில் நிற்காமல் இறுதிவரை ஒருமுறை படியுங்கள். இரண்டாம் முறை வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு இடுங்கள். ஏனென்றால் வினை எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் ஆங்கில வாக்கியத்தின் பாதி முடிச்சு அவிழ்ந்துவிடும். மூன்றாம் முறைக்குப் பிறகு தாளை மூடிவைத்து, படித்ததை மூன்று ஆங்கில வாக்கியங்களில் சொல்லுங்கள். ஒரு பத்தியில் ஐந்தாறு சொற்களுக்குமேல் தடை செய்தால் அந்தப் பத்தி இப்போதைக்கு உங்களுக்கானதில்லை என்று தள்ளிவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இதைவிடவும் சிறந்த இருமொழி வாசிப்பு ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. தமிழ்நாடு அரசின் அறிவியல், சமூக அறிவியல் பாடநூல்கள் தமிழ்வழிக்கும் ஆங்கிலவழிக்கும் ஒரே பாடத்தோடு வெளிவருகின்றன. இணையத்திலிருந்து இரண்டையும் இறக்கிக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு மாணவர் எட்டாம் வகுப்பு அறிவியலை ஆங்கிலவழி நூலில் படிக்கட்டும். பாடம் ஏற்கெனவே படித்தது, மொழி மட்டும் புதிது. சந்தேகம் வந்த வரியைத் தமிழ் நூலில் அதே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். கேட்டுப் பழகுவதற்கு பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தில் எழுத்து வடிவத்தோடு கூடிய சிறு ஒலிப்பதிவுகள் உள்ளன.

விடுமுறையில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால் தொல்லியல் துறையின் தகவல் பலகைகளின்முன் பத்து நிமிடம் நில்லுங்கள். 1010-இல் முதலாம் இராசராசனால் கட்டி முடிக்கப்பட்டது, 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது போன்ற வாக்கியங்கள் எல்லாம் செயப்பாட்டுவினை. கட்டப்பட்டது என்பதில் உள்ள 'படு' ஆங்கிலத்தில் 'வாஸ்' ஆகவும், இராசராசனால் என்பதில் உள்ள 'ஆல்' அங்கே 'பை' ஆகவும் நிற்பதை நேரில் பார்த்துவிட்டால், செயப்பாட்டுவினைக்கென்று தனிப் பாடம் தேவைப்படாது.

எழுதும்போது

நாள்தோறும் ஐந்து வரி. அதற்குமேல் வேண்டாம், குறையவும் வேண்டாம். 'மை ஸ்கூல்', 'தி கவ்' என்ற கட்டுரைத் தலைப்புகளைத் தொடாதீர்கள். அன்றைக்கு உங்கள் கண்ணெதிரே நடந்த ஒன்றை எழுதுங்கள். எழுதுவதற்குமுன் அதைத் தமிழில் சொல்லிப் பார்த்து, முற்றுவினை எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். 'காலையில் எழுந்து, வாய்க்காலுக்குப் போய், மடையைத் திறந்துவிட்டு, வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்' என்ற வாக்கியத்தில் ஒரே ஒரு முற்றுதான், மற்றவை எச்சங்கள். தமிழுக்கு அது அழகு. அதையே ஆங்கிலத்தில் எழுதும்போது பிள்ளைகள் 'கெட்டிங் அப், கோயிங் கனால்' என்று எல்லா எச்சத்துக்கும் 'இங்' ஒட்டிவிடுகிறார்கள். எச்சங்களை முற்றாக்குங்கள்: எழுந்தேன், போனேன், திறந்தேன், வந்தேன். ஒவ்வொன்றுக்கும் இறந்தகாலம் போட்டு, இரண்டு அல்லது மூன்று வாக்கியங்களாக உடைத்து, 'ஆஃப்டர்', 'தென்', 'அண்ட்' கொண்டு சேருங்கள். முதல் மாதத்தில் வாக்கியங்கள் குட்டையாகவே இருக்கட்டும்.

பெயரெச்சம் அடுத்த பாடம். 'நேற்று வாங்கிய நாற்று' என்பதில் விவரம் முன்னே, பெயர் பின்னே. ஆங்கிலத்தில் பெயரை முன்னால் இழுத்துப் போட்டு, விவரத்தைப் பின்னால் தொங்கவிட வேண்டும்: 'தி சீட்லிங்ஸ் தட் வி பாட் எஸ்டர்டே'. சீன மொழியிலும் விவரம் பெயருக்கு முன்னேதான் வருகிறது என்பதால் இந்த இடத்தில் அந்நாட்டு மாணவர்களும் நாமும் ஒரே படகில்தான் இருக்கிறோம்.

சொல் தேர்வில் அவசரப்படாதீர்கள். நெல், அரிசி, சோறு என்று நாம் மூன்றாக வைத்திருப்பதில் நெல்லுக்குத்தான் 'பேடி' என்ற தனிச்சொல். அரிசியும் சோறும் 'ரைஸ்' என்ற ஒன்றிலேயே அடங்கிவிடும், வேண்டுமானால் சோற்றை 'குக்ட் ரைஸ்' எனலாம். குறுவை, சம்பா, தாளடி ஆகியவற்றை மொழிபெயர்க்க முயல வேண்டாம். ஆங்கில நாளிதழ்களே அவற்றை அப்படியே எழுதுகின்றன. வெளியூர் வாசகருக்காக, 'குறுவை, எ ஷார்ட்-டெர்ம் பேடி கிராப்' என்று காற்புள்ளிக்குப் பின் ஒரு சிறு விளக்கம் சேர்த்தால் போதும்.

கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியை முதலில் திறக்காதீர்கள். 'ஆறு வந்துவிட்டது' என்று நான் கொடுத்ததை 'சிக்ஸ் ஹேஸ் கம்' என்று அது திருப்பித் தந்தது. ஆற்றையும் எண்ணையும் பிரிக்கத் தெரியாத அதனிடம் காவிரியை ஒப்படைக்க எனக்கு மனமில்லை. நீங்கள் எழுதி முடித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். எங்கே மாறுபடுகிறதோ அங்கே ஏன் என்று கேளுங்கள். பல சமயம் அதன் பக்கம் நியாயம் இருக்கும், சில சமயம் உங்கள் பக்கம்.

கடிதமும் விண்ணப்பமும் எழுதுவதற்குக் கும்பகோணத்துக்காரர் ஒருவரையே முன்மாதிரியாகக் கொள்ளலாம். கணிதமேதை இராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்தபோது ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். அவரே 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தின் தொடக்க வாக்கியத்தில், தாம் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் வேலை பார்க்கும் எழுத்தர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். யார், எங்கே, என்ன வேலை என்ற மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. உங்கள் விண்ணப்பத்தின் முதல் வாக்கியத்தில் யார், எந்த ஊர், என்ன வேண்டும் என்ற மூன்றையும் அடக்குங்கள். 'வித் டியூ ரெஸ்பெக்ட்' என்று தொடங்கும் அரைப்பக்க வணக்கங்களை விட்டுவிடலாம்.

திருத்துவதற்கு ஆள் இல்லையே என்பது நம் ஊர்களில் உண்மையான குறை. எழுதியதை அன்றே திருத்தாமல் மூன்று நாள் கழித்து எடுத்து, ஒருமுறைக்கு ஒரே ஒரு குற்றத்தை மட்டும் தேடி வாசியுங்கள்: முதல் வாசிப்பில் வினைகள், இரண்டாவதில் 'எ', 'தி', மூன்றாவதில் முன்னிடைச்சொற்கள். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் தேடுபவர் கண்ணில் எதுவும் படாது. கண்டுபிடித்த பிழையை நோட்டின் கடைசிப் பக்கத்தில், அதற்குக் காரணமான தமிழ் வாக்கியத்தோடு குறித்துவையுங்கள். ஒரே பிழை நான்காம் முறை அங்கே ஏறினால், அந்த வாரத்தின் பயிற்சி அதுதான்.

அந்த மாணவியின் கடைசிப் பக்கத்தில் ஆடியில் 'கு' நிறைந்திருந்தது, கார்த்திகையில் அது ஒருமுறைகூட இல்லை. தை மாதத்தில் அவள் எழுதிய ஐந்து வரிகளில் ஒன்று: 'வாட்டர் ரீச்ட் அவர் ஃபீல்டு ஆன் ஃப்ரைடே, பட் இட் டிட் நாட் ரீச் டெயில் எண்ட்.' கடைமடைக்கு முன்னால் ஒரு 'தி' விடுபட்டிருப்பதை மூன்று நாள் கழித்து அவளே கண்டுபிடித்துப் பென்சிலால் மேலே எழுதியிருந்தாள்.